எட்டுக் கலை பிழை

வானியல் வரலாற்றை நம் பாடப்புத்தகங்கள் ஒரே அச்சில்தான் வார்க்கின்றன. தாலமி தப்பாகச் சொன்னார், கோபர்நிக்கஸ் சரியாகச் சொன்னார், கலிலியோ தொலைநோக்கியில் பார்த்து நிரூபித்தார், திருச்சபை அவரைத் தண்டித்தது, நியூட்டன் வந்து எல்லாவற்றையும் முடித்துவைத்தார். வில்லன் உண்டு, நாயகன் உண்டு, கிளைமாக்ஸ்கூட உண்டு. ஆனால் இதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஒரு கேள்வி அந்தரத்தில் நிற்கும். வானத்தைப் பார்த்துக் கணக்குப் போடுகிற பழக்கம் பாபிலோன் காலத்திலிருந்தே இருக்கிறதே, அது எப்போது, எதனால் அறிவியல் ஆனது? சரியான விடை கிடைத்ததால் என்று சொல்ல முடியாது. 1543-இல் வந்த கோபர்நிக்கஸின் நூலும் வட்டத்தின் மேல் சிறு வட்டங்களை அடுக்கித்தான் கோள்களை ஓட்டியது. அவர் முறையைக் கொண்டு ரைன்ஹோல்ட் என்ற வானியலாளர் 1551-இல் போட்ட புரூட்டெனிக் அட்டவணைகள் சில இடங்களில் பழைய அல்ஃபோன்சின் அட்டவணைகளை முந்தின; செவ்வாய் விஷயத்தில் அவையும் சில பாகை அளவுக்குப் பிசகின. சூரியனை நடுவில் உட்கார வைத்ததால் மட்டும் வானம் கணக்குக்குக் கட்டுப்பட்டுவிடவில்லை. என் கட்சி இதுதான்: கணக்குக்கும் வானத்துக்கும் நடுவே விழும் இடைவெளியைப் ‘போகட்டும்’ என்று விடாமல், அளந்து எழுதி, அதற்குக் காரணம் கேட்க ஆரம்பித்தபோதுதான் வானியல் அறிவியலாயிற்று. பிழையை நடத்தும் விதம் மாறியது. மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்தது.

அளவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். வட்டத்துக்கு 360 பாகை, பாகைக்கு 60 கலை, கலைக்கு 60 விகலை. முழுநிலவின் அகலம் ஏறக்குறைய 30 கலை. நல்ல கண் பார்வைக்கு எட்டும் எல்லை ஒரு கலை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு, இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் இருந்த தாலமியின் நிலவுக் கணக்கைப் பாருங்கள். நிலவு வானத்தில் எந்தத் திசையில் நிற்கும் என்பதை அது ஓரளவு நன்றாகவே சொன்னது. ஆனால் அதே கணக்குப்படி நிலவின் தூரம் பூமியின் ஆரத்தைப்போல் ஏறக்குறைய 34 மடங்கிலிருந்து 64 மடங்கு வரை மாறவேண்டும். அப்படியானால் மாதத்தில் சில நாள் நிலவு மற்ற நாளைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அகலமாகத் தெரியவேண்டும். தெரிவதில்லை. இதற்குக் கருவி வேண்டாம், மொட்டைமாடி போதும். தாலமி மேதை, இது அவர் கண்ணில் படாமல் இருந்திருக்காது. ஆனாலும் ஓர் ஆயிரம் ஆண்டுக்கு மேல் அந்த மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. டமாஸ்கஸ் நகரப் பெரிய மசூதியில் நேரம் கணித்துக்கொண்டிருந்த இப்னு அல்-ஷாதிர் பதினான்காம் நூற்றாண்டில்தான் அந்தக் கோளாறைச் சரிசெய்து வேறு மாதிரி ஒன்றைக் கொடுத்தார். இடைப்பட்டவர்கள் சோம்பேறிகள் என்று நான் சொல்லவில்லை. திசையைக் கணிப்பதற்காக ஒரு மாதிரி. அது திசையைக் கொடுத்தது. அளவு பொருந்தாதது அந்த மாதிரியின் வேலைக்கு வெளியே என்று ஒதுக்கப்பட்டது. பிழை இருந்தது. அதற்கு வழக்காடும் உரிமைதான் இல்லை.

அந்த உரிமையை வாங்கிக் கொடுத்தவர் தைக்கோ பிராஹே. 1563-இல் வியாழனும் சனியும் ஒன்றையொன்று நெருங்கியபோது பதினாறு வயதுப் பையனான அவர் அல்ஃபோன்சின், புரூட்டெனிக் ஆகிய இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முன்னது ஏறக்குறைய ஒரு மாதம் தவறியது, மற்றது சில நாட்கள். பெரியவர்கள் பலரும் சகித்துக்கொண்டிருந்த இந்தத் தவறு அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை. டென்மார்க் அரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் 1576-இல் ஹ்வென் தீவைக் கொடுக்க, அங்கே தொலைநோக்கி இல்லாத உலகின் ஆகச் சிறந்த ஆய்வகத்தைக் கட்டினார். அங்கிருந்த சுவர்க் கருவி ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். தெற்கு வடக்காக நிற்கும் சுவரில் பதித்த, ஏறக்குறைய இரண்டு மீட்டர் ஆரமுள்ள பித்தளைக் கால்வட்டம். அதன் விளிம்பில் கோடுகளுக்கு நடுவே சாய்வாகப் புள்ளிகள் மேலும் கீழுமாக ஓடும். இரண்டு கோட்டுக்கு நடுவே மேலும் கோடு போட இடமில்லாதபோது, சாய்ந்த புள்ளி வரிசையில் பார்வைக்கோடு எந்தப் புள்ளியை வெட்டுகிறது என்று எண்ணினால் கலைக்கும் கீழான பின்னத்தை வாசிக்கலாம். ஒருவர் பார்க்க, ஒருவர் கடிகாரத்தைச் சொல்ல, ஒருவர் எழுத. ஒரே அளவை வேறு கருவியிலும் எடுத்து ஒப்பிடுவார்கள். அடிவானத்துக்கு அருகே காற்று ஒளியை வளைப்பதற்கும் திருத்தம் உண்டு. இத்தனைக்கும் பலன், ஒன்றிரண்டு கலைத் துல்லியம். அதைவிட முக்கியமான பலன், தன் அளவு எவ்வளவு நம்பத்தக்கது என்பது தைக்கோவுக்குத் தெரிந்திருந்தது.

1600-இல், அதற்குள் பிராகுக்கு இடம் மாறியிருந்த தைக்கோவிடம் போய்ச் சேர்ந்த கெப்ளருக்குச் செவ்வாய் ஒதுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே தைக்கோ இறந்துவிட, நோட்டுப்புத்தகங்கள் கெப்ளர் கைக்கு வந்தன. செவ்வாய் சூரியனுக்கு நேர் எதிரே நின்ற பன்னிரண்டு தருணங்களை வைத்து அவர் ஒரு வட்டப் பாதையைக் கட்டினார். கால்குலேட்டர் இல்லாத காலம்; இந்தக் கணக்கை எழுபது தடவையாவது போட்டதாகவும், வாசகர் சலித்துக்கொண்டால் தன்மேல் இரக்கப்படட்டும் என்றும் அவரே எழுதுகிறார். கடைசியில் பன்னிரண்டும் இரண்டு கலைக்குள் பொருந்தின. வேறு யாராக இருந்தாலும் அங்கே பேனாவை மூடியிருப்பார்கள். கெப்ளர் அதே பாதையை, வானில் சூரியன் செல்லும் வழிக்குச் செவ்வாய் மேலும் கீழும் விலகும் அளவோடு ஒப்பிட்டார். பொருந்தவில்லை. பாதையின் மையத்தைத் தள்ளிவைத்தால் விலகல் சரியாகிறது, ஆனால் திசை சில இடங்களில் எட்டுக் கலை தவறுகிறது. எட்டுக் கலை என்பது நிலவின் அகலத்தில் கால் பங்கு. 1609-இல் வந்த ‘புதிய வானியல்’ நூலில் கெப்ளர் இந்த இடத்தில் நின்று யோசிப்பதுதான் எனக்கு அறிவியல் வரலாற்றின் ஆகப் பெரிய தருணமாகப் படுகிறது. தாலமியே பத்துக் கலைக்குக் கீழ் தன்னால் உறுதி சொல்ல முடியாது என்று ஒப்புக்கொண்டவர், ஆகவே அவருக்கு எட்டுக் கலை ஒரு பொருட்டல்ல. நமக்கோ தைக்கோ கிடைத்திருக்கிறார், அவர் அளவு இத்தனை தூரம் தவறாது, எனவே தவறு என் கணக்கில்தான் என்று அவர் வாதம் போகிறது. அந்த எட்டுக் கலைதான் வானியல் முழுவதையும் திருத்தி அமைக்க வழிகாட்டியது என்றும் சொல்லிவிடுகிறார்.

அதன் பிறகும் நீள்வட்டம் தட்டில் வைத்து வந்துவிடவில்லை. முட்டை வடிவம் ஒன்றை இழுத்துப் பார்த்துச் சில ஆண்டுகள் தடுமாறினார். ஆரம் 100000 என்று வைத்தால் பாதை வட்டத்திலிருந்து உள்வாங்குவது 429 என்று ஒரு பக்கம் கணக்கு நின்றது. இன்னொரு பக்கம் 5 பாகை 18 கலைக் கோணத்துக்கு அட்டவணையில் இருந்த ஒரு மதிப்பு 100429. இரண்டு எண்ணும் கண்ணில் மோதியபோது தூக்கத்திலிருந்து எழுந்தது போல இருந்தது என்கிறார். அங்கிருந்துதான் நீள்வட்டத்துக்கு வழி பிறந்தது. 429, அதாவது நூற்றில் அரைப் பங்குகூட இல்லை. செவ்வாயின் பாதையைக் காகிதத்தில் வரைந்து காட்டினால் வட்டம் என்றுதான் சத்தியம் செய்வீர்கள். இவ்வளவு மெல்லிய வித்தியாசத்துக்காகவா இரண்டாயிரம் ஆண்டு வட்டத்தைக் கைவிடவேண்டும் என்று அன்று கேட்டவர்கள் இருந்தார்கள், நியாயமான கேள்விதான். பதில் 1631 நவம்பர் 7-ஆம் தேதி வந்தது. கெப்ளரின் ருடால்ஃபைன் அட்டவணைகள் (1627) சொன்னபடியே புதன் சூரியனின் முகத்தைக் கடந்ததைப் பாரிஸில் வானியலாளர் கசெண்டி பார்த்தார். மற்ற அட்டவணைகள் பாகைக் கணக்கில் தவற, கெப்ளருடையது பாகையில் கால்பங்குக்கும் குறைவாகத்தான் தவறியது. கெப்ளர் அதைக் கேட்க உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே போய்விட்டார்.

இங்கே கலிலியோவின் ரசிகர்கள் கை தூக்குவார்கள். தொலைநோக்கி அல்லவா எல்லாவற்றையும் மாற்றியது? 1610-இல் அவர் வெள்ளிக்கும் பிறைகள் உண்டு என்று கண்டதும் தாலமியின் கதை முடிந்ததே? தாலமியின் கதை முடிந்தது, சரி. ஆனால் கோபர்நிக்கஸ் ஜெயிக்கவில்லை. கோள்களெல்லாம் சூரியனைச் சுற்ற, சூரியன் பூமியைச் சுற்றும் என்று தைக்கோ ஒரு சமரச மாதிரி வைத்திருந்தார். அதிலும் வெள்ளிக்கு அதே பிறைகள்தான் வரும். வடிவத்தைப் பார்ப்பது ஒரு கட்சியைத் தள்ளுபடி செய்யும், மிஞ்சிய இரண்டில் எது என்று சொல்லாது. கலிலியோவின் இடத்தை நான் குறைக்கவில்லை. கெப்ளரின் நீள்வட்டத்தை அவர் கடைசி வரை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்கவேண்டும் என்கிறேன்.

அடுத்த ஆட்சேபம் நம் வீட்டுக்குள்ளிருந்து வரும்: நம்மவர்கள் கிரகணத்தை நிமிஷ சுத்தமாகச் சொன்னார்களே, அது அறிவியல் இல்லையா? மறுக்க மாட்டேன், ஆனால் முழுக் கணக்கையும் பார்ப்போம். வெள்ளி சூரியனின் முகத்தைக் கடக்கும் இடைநகர்வைப் பார்க்க வந்து 1769-இல் புதுச்சேரியில் மேகத்தால் ஏமாந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டில், அங்கிருந்த தமிழர் ஒருவரிடம் கிரகணக் கணிதம் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் நேர அளவு அந்தத் தமிழ் முறையில் 41 வினாடி குறைந்தது. ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான டோபியாஸ் மேயருடையது 68 வினாடி கூடிவிட்டது. மெய்சிலிர்க்கும் விஷயம்தான். ஆனால் ஜான் வாரன் 1825-இல் சென்னையில் வெளியிட்ட ‘காலசங்கலிதம்’ நூலில் இன்னொரு பதிவு உண்டு. புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, அட்டவணைகளை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே அந்த ஆண்டு மே 31-ஆம் தேதி சந்திர கிரகணத்தைக் கணித்தார். கிரகணத் தொடக்கம் நான்கு நிமிடம் பிசகியது, நடு 23 நிமிடம், முடிவு 52 நிமிடம். காகிதம் இல்லாமல் இதைச் செய்தது அசாத்தியம் என்பதில் சந்தேகமே இல்லை. அந்த முறையின் எலும்புக்கூடும் அழகானது: நிலவு பூமியை நெருங்கி மறுபடி நெருங்க 27.55 நாள், அப்படி ஒன்பது சுற்று கிட்டத்தட்ட மிகச் சரியாக 248 நாள். வரருசி பேரில் வழங்கும் 248 வாக்கியங்களில் ஒவ்வொன்றும் ஒரு நாள் நிலவின் இடத்தை எழுத்துகளுக்குள் எண்ணாக ஒளித்து வைத்திருக்கிறது. மனத்துக்குள் ஓர் அட்டவணைப் புத்தகம். ஆனால் என் கேள்வி வேறு. 41 வினாடியில் பொருந்திய நாளையும் 52 நிமிடம் தவறிய நாளையும் எதிரெதிரே வைத்து, ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்கும் ஓர் இடம் அந்த முறைக்குள் இருந்ததா?

வாக்கிய முறைக்குள் இல்லை. அதன் பக்கத்து வீட்டில் இருந்தது. கேரளத்துப் பரமேஸ்வரர் பல பத்தாண்டுகள் கிரகணங்களைப் பார்த்துப் பார்த்து, பழைய கணக்கு விலகுவதைக் கண்டு 1431-இல் ‘திருக்கணிதம்’ என்ற திருத்திய முறையை எழுதினார். அவர் வழிவந்த நீலகண்ட சோமயாஜி, மூல எண்களை அவ்வப்போது கண்ணால் கண்டதோடு ஒப்பிட்டுத் திருத்தியே ஆகவேண்டும் என்று ‘ஜ்யோதிர்மீமாம்சை’யில் வாதாடினார். ரிஷி சொன்னதைத் திருத்தலாமா என்பவர்களுக்கு அவர் கொடுத்த பதில், தைக்கோ பிறப்பதற்கு முன்னாலேயே எழுதப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி இதே வாதத்தைத் தமிழகத்துப் பஞ்சாங்கத்துக்கு எடுத்து வந்தார். 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர், பஞ்சாங்கத்தை ஆய்வக அளவுகளோடு சேர்க்கவேண்டும் என்று தானே ஒன்றைப் போட்டும் காட்டினார். பாதிப் பேர் ஏற்றார்கள், பாதிப் பேர் ஏற்கவில்லை. அதன் விளைவை 2025-இல் எல்லோரும் பார்த்தோம். திருக்கணிதப்படி மார்ச் 29-ஆம் தேதி சனிப்பெயர்ச்சி. திருநள்ளாறு கோயிலோ வாக்கியப்படி 2026-இல்தான் என்று அறிவித்தது. சடங்குக்கான நாள் மரபுப்படி இருக்கட்டும், அதற்குத் தொலைநோக்கி எதற்கு என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை, அது அவர்கள் வேலைக்குப் போதுமான நியாயம். ஆனால் வாக்கியம் ஆண்டின் நீளத்தை ஏறக்குறைய மூன்றேகால் நிமிடம் கூடுதலாக வைத்திருக்கிறது. 1500 ஆண்டில் அது மூன்றரை நாளாகச் சேரும். அந்த எண்ணை யாரும் தொடுவதில்லை என்பதுதான் விஷயம். ஆக, கோடு இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவே ஓடவில்லை. பிழையைக் கணக்கில் ஏற்றுபவர்களுக்கும் ஏற்றாதவர்களுக்கும் நடுவே ஓடுகிறது, இரண்டு ஊரிலும்.

என் வாதத்துக்கு எதிரான வலுவான ஆட்சேபம் இனிமேல்தான். பிழை வந்தவுடன் கொள்கையைத் தூக்கிப் போடுவதுதான் அறிவியல் என்றால், கோபர்நிக்கஸின் கொள்கையைத் தொடக்கத்திலேயே தூக்கிப் போட்டிருக்கவேண்டும். பூமி சூரியனைச் சுற்றுவது உண்மையானால், ஆறு மாத இடைவெளியில் பார்க்கும்போது அருகிலுள்ள விண்மீன்கள் சற்று இடம் மாறித் தெரியவேண்டும். தைக்கோ தேடினார், ஒரு கலை அளவுக்குக்கூட மாற்றம் இல்லை. அப்படியானால் விண்மீன்கள் நம்பவே முடியாத தூரத்தில் இருக்கவேண்டும். வெறும் கண்ணுக்கு அவை வட்டமாகத் தெரிவதை வைத்துப் பார்த்தால் அவற்றின் உருவமோ பூமியின் பாதையையே விழுங்கும் அளவு இருக்கவேண்டும். இது அபத்தம், ஆகவே பூமி நகரவில்லை என்று அவர் முடிவு கட்டினார். அன்றிருந்த சான்றுகளை வைத்துப் பார்த்தால் தைக்கோவின் வாதம்தான் மேலானது என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் இந்தப் பிழையையும் யாரும் மறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 1725-இல் லண்டனை அடுத்த கியூவில் மாலினூ, பிராட்லி என்ற இரண்டு வானியலாளர்கள், ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே கடக்கும் ஒரு விண்மீனை, காற்றின் வளைவு குறுக்கிடாத இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கண்காணித்தார்கள். நகர்ந்தது. ஆனால் தப்பான மாதத்தில், மூன்று மாதம் தள்ளி, தப்பான பக்கம், ஏறக்குறைய 20 விகலை. எதிர்பார்த்த விடை இல்லை. அதற்காகக் கருவியைக் குறைசொல்லி விட்டுவிடவும் இல்லை. ஓடுகிற பூமியில் நின்று பார்ப்பதால் வந்துசேரும் ஒளியின் திசை சற்றுச் சாய்ந்து தெரிகிறது என்று 1728-இல் பிராட்லி புரிந்துகொண்டார். பூமி ஓடுகிறது என்பதற்கு முதல் நேரடிச் சான்று அதுதான். தேடிய இடப்பெயர்ச்சி 1838-இல் வானியலாளர் பெசல் கையில் சிக்கியது: சிக்னஸ் 61 என்ற விண்மீனுக்கு விகலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. தைக்கோவின் எல்லையைவிட நூறு மடங்குக்கும் மேல் சின்னது.

ஆகவே என் வாதத்தைச் சற்றுத் திருத்திச் சொல்கிறேன். பிழை கொள்கையை உடனே கொல்வதில்லை. கடன் நோட்டில் ஏறிய தொகை மாதிரி, அடைபடும் வரை அது வட்டியோடு நிற்கிறது. எப்படி அடைபடும் என்பதும் முன்கூட்டித் தெரியாது. யுரேனஸ் நியூட்டனின் கணக்குக்குக் கட்டுப்படாமல் போனபோது லெவெரியே என்ற வானியலாளர் வெளியே இன்னொரு கோள் இழுக்கிறது என்றார். 1846 செப்டம்பர் 23-ஆம் தேதி பெர்லினில் கல்லே அவர் சொன்ன இடத்துக்கு ஒரு பாகைக்குள் நெப்டியூனைப் பார்த்தார். கொள்கை பிழைத்தது. அதே லெவெரியே புதனின் பாதை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவதில் கணக்கில் வராத மிச்சம் ஒன்றைக் கண்டு, அதே மருந்தை எழுதிக்கொடுத்தார்: உள்ளே வல்கன் என்றொரு கோள். அது கடைசிவரை கிடைக்கவில்லை. நூற்றாண்டுக்கு 43 விகலை என்ற அந்த மிச்சம் 1915 நவம்பரில் ஐன்ஸ்டைனின் சமன்பாட்டிலிருந்து வந்தபோது நியூட்டனின் ஈர்ப்புக் கொள்கையே இடம் விட்டுக்கொடுத்தது. ஒரே ஆள், ஒரே மாதிரியான பிழை, நேர் எதிரான இரண்டு முடிவுகள். இதற்கு ஃபார்முலா கிடையாது. வேண்டியதெல்லாம் பிழையின் அளவு பொய் சொல்லாமல் எழுதப்பட்டிருப்பதுதான். அதில் எனக்குப் பிடித்த ஆள் பிரெஞ்சுக் கணிதர் கிளேரோ. ஹாலியின் வால்நட்சத்திரம் 1759 ஏப்ரல் நடுவில் சூரியனை நெருங்கும், ஆனால் ஒரு மாதம் முன்பின் ஆகலாம் என்று முன்னாடியே சொல்லி வைத்தார். அது மார்ச் 13-ஆம் தேதி வந்தது. ஒரு மாதம் தவறிவிட்டார் என்று கேலி செய்ய முடியாதபடி, தவறும் அளவையும் சேர்த்தே பந்தயம் கட்டியிருந்தார்.

இன்றைக்கு நடக்கும் பெரிய தகராறையும் இந்தக் கண்ணால் பார்த்தால்தான் விளங்கும். பிரபஞ்சம் விரியும் வேகத்தை ஹபிள் தொலைநோக்கிக் குழு 2001-இல் 72 என்று சொன்னது, கூட்டல் கழித்தல் 8. (அலகு நொடிக்கு, ஒரு மெகாபார்செக் தூரத்துக்கு இத்தனை கிலோமீட்டர்.) இப்போது பிளாங்க் விண்கலம் ஆதி ஒளியிலிருந்து எடுத்த விடை 67.4, பிழை அரை மட்டும். விண்மீன்களையும் விண்மீன் வெடிப்புகளையும் தூரம் அளக்கும் படிக்கட்டாக வைத்து எடுத்த விடை ஏறக்குறைய 73, பிழை ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஐந்தரை. 2001-இல் இந்த ஐந்தரை அந்த எட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கும், தகராறே வந்திருக்காது. இப்போது ஒளிய இடமில்லை. படிக்கட்டில் எங்கோ கோளாறு என்று ஒரு தரப்பு. அதில் ஒரு படியான சீஃபீட் வகை விண்மீன்களை வெப் விண்வெளித் தொலைநோக்கியில் மறுபடி அளந்துவிட்டோம், அந்தப் படி உறுதியாகத்தான் இருக்கிறது என்று மறுதரப்பு. வேறு வகை விண்மீன்களை வைத்தால் விடை நடுவில் வருகிறது என்று மூன்றாவது தரப்பு. மூவரும் அடித்துக்கொள்வது முக்கியமாகக் கூட்டல் கழித்தலுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பற்றி.